சாப்பிட்டாச்சு

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. காவி கிடையாது, தாடி கிடையாது, மரத்தடி கிடையாது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளினிக். ஆசிரமம் அவ்வளவுதான்.

குரு, டாக்டர் ஜெசிந்தா. காய்ச்சல், சுகர், பிரஷர், மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று ஊரில் பாதிப் பேர் முதலில் வந்து நிற்பது அவரிடம்தான். நாக்கு கொஞ்சம் நீளம். கை ராசியான கை என்று பெயர்.

சிஷ்யர், டாக்டர் மெய்கண்டன். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் இருட்டறையில் உட்கார்ந்து மனிதர்களுக்கு உள்ளே பார்த்தவர். வெளியே பார்த்ததில்லை. இனி சொந்த ஊரில் நாலு பேருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஆசை. அது தனக்குத் தெரியாத வேலை என்று ஒப்புக்கொள்கிற குணமும் இருந்தது. டாக்டர்களிடம் அது அபூர்வம்.

வந்த முதல் நாளே கேட்டார்.

"மேடம், படம் பொய் சொல்லாது. ஆள் சொல்லுவாங்களே. எதை நம்புறது?"

"முதல்ல ஃபேனைப் போடுங்க சார். வேர்க்குது," என்றார் ஜெசிந்தா.

பதில் அவ்வளவுதான். மெய்கண்டன் ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாதம் போயிற்று.

அந்த ஒரு மாதத்தில் கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டார். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா. கேட்பார், எழுதுவார், அடுத்தது கேட்பார். ரேஷன் கடையில் வரிசை நகர்வது போல நகரும்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருப்பார். திருத்த மாட்டார்.

ஒரு மத்தியானம் ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர், படுத்த படுக்கை. சிறுநீர்க் குழாய் மாத்தணும். வந்துடறேன். யாராவது வந்தா பாருங்க."

"நான் தனியாவா மேடம்?"

"ஏன், ஸ்டெதஸ்கோப் துணைக்கு இருக்கே."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் தனபாக்கியம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சுகர் நோயாளி. போன வாரம்தான் வந்து போனவர். ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று எண்பது இருந்தது. மாத்திரையைக் கூட்டலாம் என்றவர் மெய்கண்டன். ஜெசிந்தாவும் தலையாட்டினார். நடுவில் மாத்திரையை விட்டுவிடுகிறேன் என்று தனபாக்கியம் சொன்னதும், மெய்கண்டன் நன்றாகத் திட்டித்தான் அனுப்பியிருந்தார்.

இன்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்ணுது?"

"படபடன்னு வருது டாக்டர். கை நடுங்குது பாருங்க. டாக்டரம்மா இல்லையா?"

"வந்துடுவாங்க. உட்காருங்க. எப்பலேர்ந்து?"

"இப்பத்தான் கொஞ்ச நேரமா. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். உள்ளே யாரோ ஓடுற மாதிரி இருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர்."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு டாக்டர்."

"மாத்திரை?"

"காலையிலேயே போட்டுட்டேன். ஒரு வேளை விடக் கூடாதுன்னு நீங்கதான் அந்தத் திட்டு திட்டினீங்களே."

மெய்கண்டனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் பேச்சைக் கேட்டு ஒருவர் மாத்திரை போட்டிருக்கிறார். முப்பது வருஷத்தில் எந்தப் படமும் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

பிரஷர் பார்த்தார். பரவாயில்லை. ஈசிஜி எடுத்தார். அது அவருக்குப் பிடித்த வேலை. தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பழைய எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். நாடி வேகம். மற்றபடி பழுதில்லை.

சுகர் மீட்டர் மேஜை மேல் உறைக்குள் இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். போன வாரம் இருநூற்று எண்பது. இப்போது சாப்பிட்டுவிட்டு வேறு வந்திருக்கிறார். எப்படியும் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்து இந்தம்மா இன்னும் பதறுவார். எதற்கு?

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை என்ன, நாத்தனார் குடும்பத்தோட வந்திருக்காங்க. கோயில்ல திருவிழா."

மெய்கண்டன் லேசாகச் சிரித்தார். நாத்தனார் வந்திருக்கிறார், படபடப்பும் வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

"டென்ஷன்தாம்மா. வேற ஒண்ணுமில்ல. படபடப்பு அடங்க ஒரு மாத்திரை தர்றேன், இங்கேயே போட்டுக்குங்க. வீட்டுக்குப் போய் நல்லாப் படுங்க. யாரும் எழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க."

"என்னை எழுப்பாம அவங்களுக்கு டீ யாரு டாக்டர் போடுவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். தனபாக்கியம் மாத்திரையை விழுங்கினார். எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நீங்க சாப்பிட்டீங்களா டாக்டர்?"

"ஆச்சும்மா, ஆச்சு."

ஜெசிந்தா திரும்பி வந்து கை கழுவினார். மெய்கண்டன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். வந்தது யார், நாடி எவ்வளவு, ஈசிஜி எப்படி, கொடுத்தது என்ன. நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் குரல்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா பாதியில் நிறுத்தினார்.

"என்ன சாப்பிட்டாங்களாம்?"

"சாப்பிட்டாச்சுன்னாங்க."

"என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டேன் சார்."

"அது கேக்கல. ஆனா சாப்பிட்டாச்சுன்னு தெளிவாச் சொன்னாங்க மேடம்."

ஜெசிந்தா அவரைப் பார்த்தார். பிறகு, விருந்துக்கு வந்தவரை விசாரிப்பது போல இதமாகக் கேட்டார்.

"நீங்க சாப்பிட்டாச்சா சார்?"

"ஆச்சு மேடம்."

ஜெசிந்தா அவருக்குப் பின்னால் கையை நீட்டி, ஜன்னல் திட்டில் இருந்த அவருடைய டிபன் கேரியரைத் தூக்கினார். கொண்டுவந்தபோது இருந்த கனம் அப்படியே இருந்தது. அதை அவர் முன்னால் மேஜையில் வைத்தார். ணங்கென்று சத்தம் வந்தது.

மெய்கண்டன் கேரியரைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளுத்தது.

"மீட்டர்ல பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"சுகர் மாத்திரை போட்டிருக்காங்க. அதுவும் கூட்டின மாத்திரை. வயித்துல ஒண்ணும் இல்லாம இருந்தா?"

மெய்கண்டன் உறைக்குள் இருந்த மீட்டரைப் பார்த்தார்.

"சுகர் இறங்கினா உடம்பு கத்தும் சார். படபடப்பும் நடுக்கமும்தான் அது போடுற கூச்சல். நீங்க மாத்திரை கொடுத்து அதோட வாயைப் பொத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க."

"தூங்கச் சொன்னேன்," என்றார் மெய்கண்டன். பிறகு, அவரே, மெதுவாக: "எழுப்பக் கூடாதுன்னும் சொன்னேன்."

ஜெசிந்தா போனை எடுத்தார். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுத்தார்கள். பின்னால் டிவி அலறியது.

"கிளினிக்லேர்ந்து பேசறேன். தனபாக்கியம் இருக்காங்களா?"

"அண்ணி தூங்குறாங்க. நான் அவங்க நாத்தனார் செண்பகவல்லி."

"எழுப்புங்கம்மா."

"எழுப்பக் கூடாதாம். டாக்டர் சொன்னாராம்."

"நான்தாம்மா டாக்டர்."

"இல்லைங்க, ஆம்பளை டாக்டர்தான் சொன்னாராம்."

ஜெசிந்தா போனை மெய்கண்டன் காதில் வைத்து அழுத்தினார். "பேசுங்க, ஆம்பளை டாக்டர்."

"அம்மா, நான்தான் சொன்னேன். இப்ப எழுப்புங்க. உடனே எழுப்புங்க."

"நீங்கதான் அந்த டாக்டர்னு எனக்கெப்படித் தெரியும்? பாவம், விடிகாலையிலேர்ந்து வேலை. இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க. விடுங்க சார்."

லைன் போய்விட்டது. மறுபடி அடித்தார்கள். எடுக்கவில்லை.

கிளினிக் கதவைச் சாத்தக்கூட இல்லை. ஜெசிந்தா ஸ்கூட்டரை எடுத்தார். மெய்கண்டன் பின்னால் உட்கார்ந்து, மருந்துப் பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதனால் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. விழுந்தால் விழட்டும் என்றிருந்தது.

தனபாக்கியத்தின் வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம்.

கேட் சாத்தியிருந்தது.

"இறங்கி நடந்து தாண்டிடலாமா மேடம்?"

"கூட்ஸ் வருது. நாம செத்துட்டா அவங்களுக்கு ஊசி யாரு போடுறது?"

கூட்ஸ் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, எல்லாம் ஒரே பழுப்பு நிறம். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பர் விரித்தார்.

"எவ்வளவு நேரம் தாங்கும் மேடம்?"

"எது?"

"மூளை."

"முப்பது வருஷமா மூளையைப் பார்த்தவர் நீங்க. நீங்க சொல்லுங்க."

மெய்கண்டனுக்குத் தெரியும். சர்க்கரை இறங்கி வெகுநேரம் கிடந்தவர்களின் மூளை அவர் மேஜைக்கு வந்திருக்கிறது. படத்தில் எங்கெங்கே வெளுத்திருக்கும் என்று தெரியும். அதற்கு எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்று தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த படத்தை எடுப்பார். அந்தப் படத்துக்காக வெளியே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் தெரியாது.

கேட் தூக்க ஆரம்பித்தபோதே ஜெசிந்தா தலையைக் குனிந்து அடியில் நுழைந்தார். கேட்கீப்பர் திட்டினார். இருவர் காதிலும் விழவில்லை.

வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஐந்தாறு பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் முறுக்கு. டாக்டர்கள் உள்ளே நுழைந்ததும் செண்பகவல்லி பதறி எழுந்தார்.

"வாங்க டாக்டரம்மா, வாங்க சார். சாப்பிட்டாச்சா?"

இருவரும் நிற்காமல் உள்ளே போனார்கள்.

உள் அறையில் பாயில் தனபாக்கியம் படுத்திருந்தார். பார்த்தால் நல்ல தூக்கம். ஜெசிந்தா கையைத் தொட்டார். கை ஜில்லென்றிருந்தது. ரவிக்கை நனைந்திருந்தது. தலையணையும் நனைந்திருந்தது.

"தனபாக்கியம்! தனபாக்கியம்!"

தோளை உலுக்கினார். காது மடலை நிமிண்டினார். உதடு என்னவோ குழறியது. கண் திறக்கவில்லை.

மெய்கண்டன் மீட்டரை எடுத்தார். விரலில் குத்துவதற்குள் ஊசியை இரண்டு தடவை கீழே போட்டார். மீட்டர் முப்பத்து நான்கு காட்டியது.

செண்பகவல்லி ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்து வாயில் வைக்கப் போனார்.

"ஊத்தாதீங்க! நினைவில்லாம இருக்கும்போது ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

டம்ளர் அப்படியே நின்றது. கூடத்தில் யாரோ டிவியை அணைத்தார்கள். வீடு திடீரென்று பெரிதானது போல இருந்தது.

ஜெசிந்தா ஒரு கையில் நரம்பு தேடினார். ஊசி இறங்கியது, நரம்பு வழுக்கியது. தோலுக்கடியில் நீலமாக வீங்கியது.

"சார், அந்தக் கை. அழுத்திப் பிடிங்க. இன்னும் அழுத்தி."

மெய்கண்டன் தரையில் மண்டியிட்டு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். உள்ளங்கையில் சோப்பு வாசனை இன்னும் இருந்தது. நகக்கண்ணில் பாத்திரம் தேய்த்த கரி. ஜெசிந்தா குனிந்தார். மூச்சை அடக்கினார். சிரிஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் திரும்பி வந்தது.

குளுக்கோஸ் மெதுவாக உள்ளே போனது. மெதுவாகத்தான் போக வேண்டும். மெய்கண்டனுக்கு அந்த மெதுவைத் தாங்க முடியவில்லை.

"மேடம், கண் திறக்கல."

"பார்க்கிறேன்."

"இன்னும் திறக்கல மேடம்."

"சும்மா இருங்க சார்."

சிரிஞ்ச் காலியானது. எல்லோரும் அந்த இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் விரல் அசைந்தது. மெய்கண்டன் பிடித்திருந்த கைதான். பிறகு கண் திறந்தது. எங்கெங்கோ சுற்றி ஜெசிந்தாவிடம் வந்து நின்றது.

"டாக்டரம்மாவா? ஐயோ, தரையில உட்கார்ந்திருக்கீங்களே. செண்பகம், நாற்காலி எடுத்துப் போடு. காபி போடு."

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். தகவல் தெரிந்து கடையிலிருந்து ஓடிவந்த தனபாக்கியத்தின் கணவர் கோதண்டம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா நாற்காலிக்கு எழவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி ஊத்தினேன்."

"ஊத்தினதைக் கேக்கல. சாப்பிட்டதைச் சொல்லுங்க."

தனபாக்கியம் உத்தரத்தைப் பார்த்தார்.

"மாவு எல்லாருக்கும் சரியா இருந்துச்சு."

"எல்லாருக்கும்னா?"

"வந்தவங்களுக்கு."

"மத்தியானம்?"

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரத்தைக் கழுவிட்டு உட்காரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள படபடன்னு வந்துடுச்சு."

"நேத்து ராத்திரி?"

"மோர் குடிச்சேன்."

"நான் கேட்டேனே அண்ணி," என்றார் செண்பகவல்லி. "சாப்பிட்டீங்களான்னு ரெண்டு வேளையும் கேட்டேனே. ஆச்சுன்னீங்களே."

"கேட்டே. நீ கேக்காம இருப்பியா?"

"நானும் கேட்டேன் பாக்கியம்," என்றார் வாசற்படியிலிருந்து கோதண்டம்.

"நானும் கேட்டேன்," என்றார் மெய்கண்டன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

தனபாக்கியம் அவர் பக்கம் திரும்பினார். தப்பு செய்தவர் முகம் அந்தம்மாவுக்குத்தான் இருந்தது.

"கேட்டீங்க டாக்டர். நல்ல மனுஷங்க எல்லாரும் கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா, சோறு போடுன்னு கேட்ட மாதிரி ஆயிடாதா?"

"நான் டாக்டர்ம்மா. வைத்தியத்துக்காகக் கேட்டேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்? வணக்கம் சொல்ற மாதிரியே கேட்டீங்க. நானும் திருப்பிச் சொன்னேன்."

மெய்கண்டன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா சிரிஞ்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப சாப்பிடணும். யாராவது போய்ச் சோறு போட்டுக் கொண்டாங்க."

கோதண்டம் வேகமாகச் சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் மூடிகள் உருளும் சத்தம் வந்தது.

"பாக்கியம், சோறு எதுல இருக்கு?"

தனபாக்கியம் கையை ஊன்றி எழப் பார்த்தார். ஜெசிந்தா தோளைப் பிடித்து அழுத்தினார்.

"அவரே தேடட்டும். சமையலறை என்ன காடா? தொலைஞ்சு போயிட மாட்டாரு."

சோறு வந்தது. ரசம் போட்டுப் பிசைந்து வந்தது. உப்புப் போடவில்லை. ஒவ்வொரு வாயாக உள்ளே போவதை ஜெசிந்தா உட்கார்ந்து பார்த்தார். மெய்கண்டனும் பார்த்தார். ஒருவர் சாப்பிடுவதை முழுசாக அவர் பார்த்ததில்லை, தன் வீட்டில்கூட.

"இதோட முடியல," என்றார் ஜெசிந்தா. "நீங்க போட்ட சுகர் மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்யும். மறுபடி இறங்கும். ஆஸ்பத்திரியில படுக்கணும்."

"ஆஸ்பத்திரியா? வீட்டுல இத்தனை பேரு இருக்காங்க டாக்டரம்மா."

"நான் இருக்கேன் அண்ணி," என்றார் செண்பகவல்லி. "எனக்கும் ரெண்டு கை இருக்கு. கிளம்புங்க."

ஆட்டோ வந்தது. இந்தத் தடவை கேட் திறந்திருந்தது.

சாயங்காலம். ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை சர்க்கரை மறுபடி கீழே போய், நர்ஸ் ஓடி, குளுக்கோஸை வேகப்படுத்தி, மேலே ஏற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் மெய்கண்டன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டிலேயே விட்டிருந்தால் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நர்ஸ் வெளியே வந்தார். "நூத்திப் பத்து மேடம். நல்லாப் பேசுறாங்க. என்னைச் சாப்பிட்டியான்னு கேக்குறாங்க."

ஜெசிந்தா சிரித்தார். மெய்கண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தப்பு என்னோடது மேடம்."

"மாத்திரையைக் கூட்ட நானும்தான் தலையாட்டினேன். எனக்கும் கொஞ்சம் பங்கு கொடுங்க சார். எல்லாத்தையும் நீங்களே வச்சுக்காதீங்க."

"இனிமே என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்குறேன்."

"கேளுங்க. ஒரு மாசம் தாங்கும். அப்புறம் அதுக்கும் இட்லின்னு ஒரு பதில் தயாராயிடும்."

மெய்கண்டன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அப்ப மத்ததெல்லாம்?"

"எதெல்லாம்?"

"ஒரு மாசமா வந்த எல்லாரையும் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்டேன். போடுறேன்னாங்க. தூக்கம் வருதான்னு கேட்டேன். வருதுன்னாங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். அதுல எத்தனை வணக்கம், எத்தனை பதில்?"

"எனக்கெப்படித் தெரியும்? கேட்டது நீங்க."

"பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கேன். நிறுத்தியிருக்கேன். அந்தப் பதிலை வச்சுத்தான் பண்ணினேன்." குரல் உயர்ந்தது. வார்டு வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த நிமிஷம் யாரு எங்கே படுத்திருக்காங்களோ. எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கணும் மேடம். இப்பவே."

ஜெசிந்தா தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எல்லார் நம்பரும் இதுல இருக்கு."

"யாரை முதல்ல கூப்பிட?"

"யார் முகம் ஞாபகம் வருதோ, அவங்களை."

மெய்கண்டன் கண்ணை மூடினார். பிரஷர் நூற்று அறுபது வந்தது. சுகர் நூற்றுத் தொண்ணூறு வந்தது. ஒரு ஈசிஜி வந்தது, அதன் மூன்றாவது வரியில் ஒரு சின்ன நெளிவோடு. ஒரு வீங்கிய முழங்கால் வந்தது. நெடுநேரம் கழித்து ஒரே ஒரு முகம் வந்தது. அது உள்ளே டிரிப்ஸோடு படுத்திருந்தது.

கையிலிருந்த போனின் வெளிச்சம் அணைந்தது. அவர் அதைத் தொடவில்லை.